பிளேசரில் இருக்கும் ஆண்டை நம்பாதீர்கள்: சிங்கப்பூரில் உட்கார்ந்தபடி ஓர் ஆங்கிலேய கிராமர் பள்ளியின் வரலாற்றைத் தோண்டுவது எப்படி

என் பெரியப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971-இல் பிரிட்டிஷ்காரர்கள் மூட்டை கட்டியபோது அவரும் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டார். ஒன்றிரண்டு வருடம் கழித்து அங்கிருந்து ஒரு புகைப்படம் வந்தது. அண்ணனுக்குப் பதினோரு வயது, விரல் நுனி மட்டும் தெரிகிற அளவுக்குப் பெரிய பிளேசர், மார்புப் பையில் ஒரு சின்னம், அதற்குக் கீழே 1552. அந்தப் படம் எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி ஓரத்தில் செருகியபடியே ஐம்பது வருடம் இருந்தது. யார் வந்தாலும் அம்மா காட்டுவார், "நானூறு வருஷத்துப் பள்ளிக்கூடம்" என்பார்.

போன வருடம் என் மகள் குடும்ப வரலாறு தொகுக்கிறேன் என்று ஆரம்பித்தாள். பெரியப்பா வீட்டுப் பகுதிக்கு, அண்ணன் படித்த பள்ளியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு பக்கம்தானே என்று நினைத்தேன், நான்கு மாதம் ஓடிவிட்டது. இங்கிலாந்துக்கு டிக்கெட் எடுக்காமலே முக்கால்வாசி வேலையை முடித்துவிட்டேன் என்பதால், அதே மாதிரி வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் கையில் இருப்பது தாத்தாவின் சான்றிதழாக இருக்கலாம், கடனாக வாங்கிய ஒரு பழைய பள்ளி இதழாக இருக்கலாம். வழி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முதலில் அந்தப் பெயரைப் பிடியுங்கள். கிராமர் என்றவுடன் ஆங்கில இலக்கணம் என்றுதான் நாம் நினைப்போம், இல்லை, அது லத்தீன் இலக்கணம். நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் பொருள் தெரிகிறதோ இல்லையோ நூற்பாவை முதலில் மனப்பாடம் செய்த மாதிரி, அங்கே பையன்கள் வில்லியம் லில்லி என்பவர் பெயரால் வழங்கிய லத்தீன் இலக்கணத்தை உருப்போட்டார்கள். 8-ஆம் ஹென்றி காலத்தில் அதையே எல்லாப் பள்ளிக்கும் பொதுப் பாடநூலாக்கினார்கள். இது தெரியாமல் தேட ஆரம்பித்தால் பழைய ஆவணங்களில் வருகிற பாதி விஷயம் பிடிபடாது. அரசாங்க வேலை, பாதிரியார் பதவி, சட்டம், மருத்துவம் எதற்குப் போனாலும் லத்தீன் வேண்டும் என்பதால்தான் ஊரில் காசுள்ளவர்கள் அதற்கு நிலம் எழுதி வைத்தார்கள்.

அடுத்தது நான் விழுந்த குழி. அண்ணன் பள்ளிக்கு இருந்த 'கிங் எட்வர்ட் 6' என்ற அதே பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பள்ளிகள் இருக்கின்றன, ஒன்றல்ல, இரண்டல்ல. நான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தேக்காவில் சாப்பிட்டுவிட்டு வந்து மடிக்கணினியைத் திறந்தவன், இருட்டும்வரைக்கும் குறிப்பெடுத்து, எட்டுப் பக்கம் நிரப்பி, பெருமையாக அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினேன். "தம்பி, இது எங்க ஊர் இல்லியே" என்று ஒரே வரி வந்தது. அதனால் பள்ளிப் பெயரோடு ஊர்ப் பெயரையும், ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும், அதாவது கவுன்டியையும், சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். கவுன்டி எல்லைகளையும் 1974-இல் மாற்றினார்கள். பழைய ஆவணத்தில் ஒரு மாவட்டத்தில் இருக்கும் ஊர் இன்றைக்கு வேறு மாவட்டத்தில் இருக்கலாம், தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

பள்ளியின் இன்றைய பெயரும் வேறாக இருக்கும் என்பதை எதிர்பாருங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ராஜா கட்டினாரா, ராஜா பிடுங்கினாரா?

இந்தப் பகுதிக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். 6-ஆம் எட்வர்ட் ஒன்பது வயதில் அரியணை ஏறியவர், பதினைந்து வயதில் இறந்துவிட்டார். இடைப்பட்ட ஆறரை வருடத்தில் இத்தனை ஊரில் இத்தனை பள்ளியை ஒரு பையன் கட்டினானா? எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

நடந்தது இதுதான். நம் ஊர்க் கோயிலில் கட்டளை எழுதி வைப்பார்கள் அல்லவா, இந்த நிலத்து வருமானத்தில் என் அப்பா பெயரில் வருடா வருடம் இந்தப் பூசை நடக்க வேண்டும் என்று? கத்தோலிக்க இங்கிலாந்திலும் அதே மாதிரி ஓர் ஏற்பாடு இருந்தது, பெயர் சான்ட்ரி. செத்தவரின் ஆன்மாவுக்காக ஒரு பாதிரியார் தினமும் பூசை வைக்க வேண்டும், அவருக்குச் சம்பளம் எழுதி வைத்த நிலத்திலிருந்து வரும். பூசை முடிந்தால் மீதி நாள் முழுக்க அவருக்கு வேலை இல்லை. அதனால் பல ஊர்களில் அவரே பையன்களுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தார். சில கட்டளைகளில் இதுவும் கடமை என்றே எழுதியிருக்கும்.

பிறகு மதம் மாறியது. செத்தவருக்குப் பூசை வைப்பது மூடநம்பிக்கை என்று சொல்லி 1547-இல் சான்ட்ரி சட்டம் கொண்டுவந்து அந்த நிலங்களை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. பள்ளிகளைக் காப்பாற்றுவோம் என்று சட்டத்திலேயே இருந்தது, ஆனால் நிலம் ஒருமுறை கை மாறிவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லவா வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் மனு போட்டு, அலைந்து, சில இடங்களில் பணமும் கட்டி, தங்கள் பள்ளியையும் கொஞ்சம் நிலத்தையும் திரும்ப வாங்கினார்கள். திரும்பக் கொடுத்த பட்டயத்தில் ராஜா பெயர், ராஜா முத்திரை. அந்தப் பட்டயத்தின் தேதிதான் பல பள்ளிகளின் சின்னத்தில் 'தோற்றம்' என்று உட்கார்ந்திருக்கிறது.

ஷேக்ஸ்பியர் படித்ததாகக் கருதப்படும் ஸ்ட்ராட்ஃபர்டு பள்ளியும் இதே கதைதான். 1553-இல் எட்வர்டின் பட்டயம் கிடைத்தது, ஆனால் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஹோலி கிராஸ் என்ற ஊர்ச் சங்கம் அங்கே பள்ளி நடத்திக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் இழுக்கிறவர்களும் உண்டு. கான்டர்பரியின் கிங்ஸ் பள்ளி 597 என்கிறது, கிறிஸ்தவத்தைப் பரப்ப புனித அகஸ்டின் இங்கிலாந்துக்கு வந்த வருடம். பள்ளிப் பெயரில் இருக்கும் கிங் யார் என்றால் 8-ஆம் ஹென்றி, அவர் அதை மறுபடி அமைத்துக் கொடுத்தது 1541-இல்.

ஆகவே சின்னத்தில் ஓர் ஆண்டைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த ஆண்டில் என்ன காகிதம் பிறந்தது? அதற்கு முன்னால் அதே இடத்தில் யார் பாடம் நடத்தினார்கள்? காசு யாருடையது? மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டுக்கும் கதவைத் திறக்கும், ஏனென்றால் வாத்தியார் பெயரை மறந்துவிட்ட ஊரிலும் நிலக் கணக்கு பத்திரமாக இருக்கும்.

எங்கே தேடுவது

சான்ட்ரி சட்டம் வந்த கையோடு, எந்த ஊரில் எந்தக் கட்டளை, எவ்வளவு வருமானம், பாதிரியார் யார், பள்ளி நடத்துகிறாரா என்று ஆள் அனுப்பிக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'இ 301' என்ற வரிசையில் இருக்கிறது. அவர்களுடைய டிஸ்கவரி என்ற பட்டியலில் வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். மூலத்தின் கையெழுத்தைப் பார்த்தால் எறும்பு மையில் விழுந்து ஓடிய மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள், பழைய கையெழுத்தைப் படிக்க அதே காப்பகத்தின் தளத்திலேயே இலவசப் பயிற்சி இருக்கிறது. அது வேண்டாம் என்றால் சுலப வழி ஒன்று உண்டு. ஏ. எஃப். லீச் என்பவர் அந்தக் கணக்கில் பள்ளி சம்பந்தப்பட்டதை எல்லாம் பொறுக்கி எடுத்து 1896-இல் அச்சிட்டுவிட்டார், புத்தகம் இணையத்தில் கிடைக்கிறது. எட்வர்ட் பள்ளிகளைத் தோற்றுவித்தவர் அல்ல, கெடுத்தவர் என்று வாதாடியவர் அவர்தான். மனிதர் கொஞ்சம் ஆவேசக்காரர், பின்னால் வந்த ஆய்வாளர்கள் அவரைப் பல இடங்களில் திருத்தியிருக்கிறார்கள், அதனால் அவர் சொல்லும் கருத்தை ஓரமாக வைத்துவிட்டு அவர் அச்சிட்ட ஆவணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அண்ணன் பள்ளி அதில் அகப்பட்டது. ஊர்ப் பெயருக்குக் கீழே ஒரு பாதிரியார், அவர் பள்ளிக்கூடமும் நடத்துகிறார் என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான். பட்டயத்துக்கு முந்தைய குறிப்பு. அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து கோப்பி போட்டுக் குடித்தேன்.

அப்புறம் 1818-இல் நிக்கோலஸ் கார்லைல் இரண்டு தொகுதியாக வெளியிட்ட கிராமர் பள்ளிகளின் விவரத் தொகுப்பு. அவர் செய்தது நல்ல வேலை, எல்லாப் பள்ளிக்கும் ஒரே கேள்வித்தாளை அஞ்சலில் அனுப்பினார். சில தலைமையாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள், சிலர் பதிலே போடவில்லை. உங்கள் பள்ளிக்கு இரண்டே வரி இருந்தால் பள்ளி சின்னது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், தலைமையாசிரியர் சோம்பேறியாகவும் இருந்திருக்கலாம். ஊர் வாரியாக எழுதப்பட்ட விக்டோரியா கவுன்டி ஹிஸ்டரி தொகுதிகளில் பல மாவட்டங்களுக்குப் பள்ளிகளைப் பற்றித் தனிக் கட்டுரையே இருக்கும், அதில் நிறைய லீச் எழுதியது. பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் பல தொகுதிகளைப் படிக்கலாம்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. இங்கிலாந்தில் 1752-க்கு முன்னால் வருடம் பிறந்தது ஜனவரியில் இல்லை, மார்ச் 25-இல். நமக்குச் சித்திரையில் பிறக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, ஒரு காகிதத்தில் பிப்ரவரி 1552 என்று இருந்தால் இன்றைய கணக்குப்படி அது பிப்ரவரி 1553. பட்டயங்களில் அதுவும் இருக்காது, 'எட்வர்ட் ஆட்சியின் 6-ஆம் ஆண்டு' என்று இருக்கும். அவர் பட்டத்துக்கு வந்தது 1547 ஜனவரி 28, அங்கிருந்து விரல் விட்டு எண்ண வேண்டியதுதான்: 6-ஆம் ஆண்டு என்றால் 1552 ஜனவரி 28 முதல் அடுத்த ஜனவரி 27 வரை. பணக் கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். 'மார்க்' என்று வந்தால் அது 13 ஷில்லிங் 4 பென்ஸ். அந்தப் பெயரில் நாணயம் கிடையாது, வெறும் கணக்குக்கு மட்டும்.

நடுவில் ஏன் பள்ளி தூங்கியது

1700-களுக்கு வந்தால் உங்கள் பள்ளியில் பையன்கள் கிட்டத்தட்ட காணாமல் போயிருப்பார்கள். வாத்தியார் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பார், விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் பிள்ளைகள். ஊழல் என்று உடனே முடிவு கட்டத் தோன்றும், சில இடங்களில் ஊழல்தான், ஆனால் சட்டமும் ஒரு காரணம். வியாபாரம் செய்கிற ஊர்களில் பெற்றோர் கேட்டது கணக்கும் பிரெஞ்சும். கட்டளை எழுதியவர் கேட்டது லத்தீன். லீட்ஸ் கிராமர் பள்ளியில் இந்தச் சண்டை நீதிமன்றம் வரை போனது. 1805-இல் எல்டன் பிரபு, கிராமர் பள்ளி என்றால் செம்மொழிகளை இலக்கணமாகச் சொல்லித்தரும் இடம், அறக்கட்டளைப் பணம் அதற்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னார், அதற்கு அவர் துணைக்கு எடுத்தது ஜான்சனின் அகராதி. 1840-இல் சட்டம் போட்டுத்தான் அந்த முடிச்சைத் தளர்த்தினார்கள்.

பிறகு, இந்தப் பள்ளிகளை விசாரிக்க அரசு அமைத்த டான்டன் ஆணையம். 1864-இல் தொடங்கி 1868-இல் அறிக்கை கொடுத்தது, உதவி ஆணையர்கள் ஊர் ஊராகப் போய் வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்து எழுதியதெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் பள்ளி அதில் இருந்தால் முதலில் அதைப் படியுங்கள், ஏனென்றால் பள்ளியே தன்னைப் பற்றி எழுதிக்கொண்ட வரலாற்றில் கூரை ஒழுகியது இருக்காது, வெளியாள் எழுதியதில் இருக்கும். அதன் பின் வந்த 1869 சட்டத்தால் பழைய அறக்கட்டளைகளின் விதிகளைத் திருத்தி எழுதினார்கள். பையன்களுக்கென்று எழுதிய பணத்தில் ஒரு பகுதி பெண்கள் பள்ளிக்குப் போனது இந்தச் சமயத்தில்தான்.

கை பழக ஓர் உள்ளூர்ப் பள்ளி

தெரியாத ஊரில் தேடும் முன் தெரிந்த ஊரில் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். ராஃபிள்ஸ் கல்வி நிலையம் எப்போது தொடங்கியது? 1823 என்று எல்லோரும் சொல்வோம். அந்த ஜூன் 5-இல் ராஃபிள்ஸ் நாட்டியது அடிக்கல். அவர் ஊருக்குப் போனபின் கட்டடம் அரைகுறையாகக் கிடந்தது. 1834-இல் சிங்கப்பூர் ஃப்ரீ ஸ்கூல் என்று வேறொரு பள்ளி ஆரம்பித்து, அது 1837-இல் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தது. இன்றைய பெயர் 1868-இல் வந்தது. கல், பிள்ளைகள், கட்டடம், பெயர் என்று நான்குக்கும் நான்கு ஆண்டு, பிராஸ் பாசாவில் அது இருந்த இடத்தில் இன்றைக்கு ராஃபிள்ஸ் சிட்டி கடைத்தொகுதி.

இன்னொன்று, இது நம்மவர்களுக்குப் பலருக்குத் தெரியாது: மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1887-இல் சோஃபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் ஆரம்பித்தது. முதலில் வந்தவர்கள் ஒன்பது இந்தியச் சிறுமிகள், பள்ளிக்கு அப்போது தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றே பெயர். இன்றைய பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இது கண்ணில் படுமா?

இதற்கெல்லாம் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் 11-ஆம் மாடி போதும். நியூஸ்பேப்பர்எஸ்ஜியில் 1800-களின் ஆங்கில நாளிதழ்களையும் தமிழ் முரசின் பழைய இதழ்களையும் தேடலாம். இங்கிலாந்திலிருந்து வந்த தலைமையாசிரியர்கள் இங்கே பதவியேற்றபோது அவர்கள் எங்கே படித்தார்கள் என்று செய்தி போடுவார்கள், அந்த வழியில் ஒரு கிராமர் பள்ளியின் பெயர் நம் ஊர்ப் பத்திரிகையில் அகப்படுவதுண்டு. வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளுக்குக் கேனிங் ரைஸில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, தமிழிலேயே பேசிய பேட்டிகளும் உண்டு. அந்தக் காப்பகக் கட்டடமே ஒரு காலத்தில் ஆங்கிலோ சீனப் பள்ளி.

பதினோரு வயதுத் தேர்வு

சரி, பெயர் ஏன் மாறியது என்பதற்கு வருகிறேன். 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் அரசு நடத்திய கிராமர் பள்ளிகளில் கட்டணம் இல்லை, பதினோரு வயதில் ஒரு தேர்வு, தேறினால் கிராமர் பள்ளி, இல்லாவிட்டால் பெரும்பாலும் செகண்டரி மாடர்ன். நமக்கு இதை விளக்கத் தேவையே இல்லை, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வருடத்தில் வீவக வீட்டில் பெற்றோர் தூங்காமல் கிடப்பதை நாம் பார்த்தவர்கள்தானே. பெரியப்பா இங்கே ஒரு தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த பையனை அங்கே இன்னொன்றுக்கு உட்கார வைத்தார், அவ்வளவுதான்.

ஆனால் அங்கே 1965-இல் அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது: பிள்ளைகளைப் பிரிக்காமல் எல்லோருக்கும் ஒரே பள்ளி, அதற்குத் திட்டம் போடுங்கள் என்று உள்ளூர்க் கல்வி அதிகாரிகளுக்கு. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் பெரும்பாலான கிராமர் பள்ளிகள் ஒன்று, எல்லோரையும் சேர்க்கும் பொதுப்பள்ளியாக மாறின, அல்லது பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்து புதுப்பெயர் எடுத்தன, அல்லது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளியாகப் போயின. இன்றைக்கு இங்கிலாந்தில் மீதம் 163. உங்கள் பள்ளி இந்த மூன்றில் எந்த வழியில் போனது என்பதைக் கண்டுபிடித்தால்தான் அதன் காகிதங்கள் எங்கே இருக்கும் என்று தெரியும். தனியாராகப் போயிருந்தால் பெரும்பாலும் பள்ளியிலேயே ஒரு காப்பாளர் இருப்பார். இணைந்து போயிருந்தால் கவுன்டி ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். அண்ணன் படித்துக்கொண்டிருந்தபோதே அவர் பள்ளி பக்கத்துப் பெண்கள் பள்ளியோடு இணைந்துவிட்டது. கடைசி இரண்டு வருடம் அவர் போட்ட பிளேசரில் 1552 இல்லையாம். அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது, அந்தப் பிளேசரோடு யாரும் படம் அனுப்பவில்லை.

காப்பகத்துக்கு எழுதும்போது 'பள்ளி வரலாறு வேண்டும்' என்று எழுதாதீர்கள், பட்டியலின் இணைப்பு ஒன்றுதான் பதிலாக வரும். இன்ன ஊர், இன்ன பள்ளி, இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை சேர்க்கைப் பதிவேடோ பள்ளி இதழோ இருக்கிறதா, பிரதி எடுக்க எவ்வளவு என்று நான்கே வரியில் கேளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரம் உள்ள பதிவேட்டை அவ்வளவு லேசில் காட்டமாட்டார்கள், சம்பந்தப்பட்டவரே ஒரு கடிதம் எழுதினால் அவருடைய பதிவு மட்டும் கிடைக்கலாம். பள்ளி இதழில் அந்தச் சிக்கல் இல்லை, கிரிக்கெட் அணிப் பட்டியலில் அண்ணன் பெயரை இரண்டு விதமாகத் தப்பாக அச்சிட்டிருந்தார்கள், அதனால் தமிழ்ப் பெயரைத் தேடும்போது எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். தொலைபேசுவதாக இருந்தால் அங்கே காலை 9 என்பது இங்கே கோடையில் மாலை 4, குளிர்காலத்தில் 5. பல காப்பகங்கள் வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, தளத்தில் பார்த்துவிட்டு அழையுங்கள்.

கடைசியாக, கையில் இருக்கும் புகைப்படத்தை இருபுறமும் ஸ்கேன் எடுங்கள். எங்கள் படத்தின் பின்பக்கம் பெரியப்பா கையெழுத்தில் தேதியும், கீழே பென்சிலில் 'சட்டை £' என்று போட்டு ஒரு தொகையும் இருந்தது. ஐம்பது வருடம் கண்ணாடியில் செருகியிருந்ததில் தொகை அழிந்துவிட்டது. அண்ணனைக் கேட்டேன், விலை ஞாபகமில்லை, ஆனால் மூன்று வருடம் அதையே போடவேண்டும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கினார்கள் என்றார்.